மெட்டுக்குப் பஞ்சமா?

கோயில் கொடைக்குப் பாட்டுப் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "பாட்டு புதுசா இருக்கணும் மாஸ்டர். ஆனா எங்கேயோ கேட்ட மாதிரியும் இருக்கணும்." ஒரு காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. மெட்டமைப்பைப் பற்றி இதைவிடச் சரியாக எந்த வித்வானும் எனக்குச் சொன்னதில்லை. கேட்ட வாசனையே இல்லாத மெட்டு காதில் ஒட்டாது. முழுக்கக் கேட்ட மெட்டு என்றால், எதற்கு இன்னொரு பாட்டு?

நான் கோவில்பட்டிக்காரன். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மேடை ஏறுவது முக்கியத் தொழில். இடையிடையே உள்ளூர் அம்மன் பேரில் பாட்டு, ஜவுளிக்கடைக்கு அரை நிமிட விளம்பரம், தேர்தல் வந்தால் வேட்பாளருக்குப் பிரசாரப் பாட்டு. பெரிய இசையமைப்பாளன் இல்லை. ஆனால் ஊரார் போட்ட பாட்டை எல்லாம் இத்தனை வருஷம் வாசித்து வாசித்து, எந்தப் பாட்டின் எலும்பு எந்தப் பாட்டில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துபோயிருக்கிறது.

கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டும்போது யாராவது ஒருவர் வந்து நிற்பார். "இப்பல்லாம் எவன் புதுசா போடுதான்? எல்லாம் அங்கங்க உருவுனதுதான்" என்பார். சொல்வதோடு விடமாட்டார். செல்போனை எடுத்து, இந்தப் பக்கம் புதுப் பாட்டு, அந்தப் பக்கம் ஏதோ வெளிநாட்டுப் பழைய பாட்டு என்று ஒட்டிவைத்த வீடியோவைக் காட்டுவார். ஒட்டியது சில சமயம் பொருந்தும், சில சமயம் பொருந்தாது. ஆனால் அவர் கேள்வி நியாயமானது. இருப்பது ஏழு ஸ்வரம், பன்னிரண்டு ஸ்வரஸ்தானம். உலகம் பூராவும் எத்தனையோ தலைமுறையாகப் பாடித் தீர்த்துவிட்டார்கள். இன்னும் மிச்சம் இருக்கிறதா?

கணக்குப் பார்த்தே விடலாம். அமெரிக்காவில் டேமியன் ரீல் என்ற வழக்கறிஞரும் நோவா ரூபின் என்ற புரோகிராமரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். எட்டு ஸ்வரம், பன்னிரண்டு தட்டு. இந்த அளவுக்குள் எத்தனை மெட்டு அமையுமோ அத்தனையையும் கம்ப்யூட்டரை விட்டு எழுத வைத்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் எட்டில் ஏதாவது ஒன்று வரலாம். ஆக, பன்னிரண்டு எட்டுகளை எழுதி ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 6,871 கோடிக்கு மேல் வருகிறது. அத்தனையையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, எங்களுக்கு இதில் உரிமை எதுவும் வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2020இல் பொதுவில் விட்டார்கள். மெட்டுத் திருட்டு வழக்குகளில் பாட்டு எழுதுகிறவர்கள் மாட்டிக்கொண்டு தவிக்கக்கூடாது என்பது அவர்கள் நோக்கம்.

நம் பக்கத்துக் கணக்கு இதைவிட முந்நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி தன் 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் 72 மேளங்களை வகுத்தார். ஒரு மேளத்தின் ஸ்வரங்களில் ஏழையும் வைத்தோ, ஒன்றை விட்டோ, இரண்டை விட்டோ ஏறுவதற்கு 22 வழி. இறங்குவதற்கும் அதே 22. பெருக்கினால் 484. அதில் ஒன்று தாய் ராகம், கழித்தால் 483. இதை 72 மேளத்துக்கும் போட்டால் 34,776 பிள்ளை ராகங்கள். வளைந்து வளைந்து போகும் வக்ர ராகங்கள் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

இவ்வளவில் கச்சேரி மேடையில் புழங்குவது சில நூறுதான். மற்றவை காகிதத்தில் இருக்கின்றன. அமெரிக்கர்களின் 6,871 கோடியிலும், பன்னிரண்டு தடவை வெறும் 'ஸ' மட்டுமே வருகிற மெட்டு ஒன்று உண்டு. அதையும் மெட்டு என்றுதான் எண்ணியிருக்கிறார்கள். ஆகவே எண்ணிக்கையில் பஞ்சமே கிடையாது. காது ஒத்துக்கொள்கிற வழிகள்தான் கம்மி. ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். தொண்டை எட்ட வேண்டும். தாளத்தில் விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டும். ராகமென்றால் அதற்கென்று உள்ள பிடிகளைத் தொட வேண்டும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பஸ்ஸெல்லாம் ஒரே ரோட்டில்தான் போகிறது. முந்தின பஸ்ஸைப் பார்த்துக் காப்பியடித்தான் என்று டிரைவரை யாரும் சொல்வதில்லை.

ரீதிகௌளையைச் சொல்கிறேன், சட்டென்று புரியும். நேராக மேலே ஏறாத ராகம் அது. 'ஸகரிகம' என்று ஒரு வளைவு, 'நிதமநிநிஸ' என்று மேலே இன்னொரு வளைவு. இந்த இரண்டையும் விட்டால் ரீதிகௌளை இல்லை. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி 'ஜனனி நின்னுவினா' என்ற கிருதியை இதில்தான் செய்தார். 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா இதே ராகத்தில் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' என்று பாலமுரளிகிருஷ்ணாவைப் பாட வைத்தார். 1983இல் 'ஒரு ஓடை நதியாகிறது' படத்தில் மறுபடி அவரே 'தலையைக் குனியும் தாமரையே' என்று எடுத்தார். 1999இல் 'முதல்வன்' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மானின் 'அழகான ராட்சசியே'. 2008இல் 'சுப்பிரமணியபுர'த்தில் ஜேம்ஸ் வசந்தனின் 'கண்கள் இரண்டால்'.

இந்த நான்கு சினிமாப் பாட்டும் எங்கள் மேடையில் ஓயாமல் வாசித்தவை. கீபோர்டில் என் விரல் போகிற தடத்தில் பாதி, நான்கிலும் ஒன்றுதான். ஆனால் ராகத்தின் பேரையே கேள்விப்படாத ஆள்கூட, முதல் வரி பாதி போவதற்குள் இன்ன பாட்டு என்று சொல்லிவிடுவார். ஒருவர்கூட மாற்றிச் சொன்னதில்லை. எது அவருக்குப் பிடிபடுகிறது? எந்த ஸ்வரத்தில் ஆரம்பித்தது, எதில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, சொல்லின் அழுத்தம் தாளத்தின் எந்தத் தட்டில் விழுந்தது, இரண்டு வரிக்கு நடுவில் எவ்வளவு வெற்றிடம் விட்டது. கண்ணனை அழைக்கிற பாட்டு நின்று நிதானித்துப் போகிறது. ராட்சசியை அழைக்கிற பாட்டு தாளத்தின் முதுகில் ஏறிக்கொண்டு போகிறது. சுப்பிரமணியபுரத்துப் பையனும் பெண்ணும் வெறுமனே பார்த்துக்கொள்கிற பாட்டோ சின்னச் சின்ன வரியாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறது. ஸ்வரத்தை மட்டும் எழுதிப் பார்க்கிறவர் நான்கும் ஒன்று என்பார். பாடிப் பார்க்கிறவர் சொல்லமாட்டார்.

சரி, இது ராகம். ராகம் பொதுச்சொத்து. அப்படியே முழு மெட்டையும் எடுத்துக்கொண்டால்?

எட்டயபுரம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் காலமானார்; அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அம்பாள் பேரில் நவாவரண கிருதிகளைச் செய்த அதே மனிதர், நாற்பது போல நோட்டு ஸ்வர சாகித்யங்களும் செய்திருக்கிறார். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், சமஸ்கிருத வார்த்தைகளில். மெட்டுகள் அவருடையவை இல்லை. வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தில் கேட்டவை. 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் இங்கிலாந்தின் தேசிய கீதம் கேட்கும். 'சியாமளே மீனாட்சி' என்று எடுத்தால் எல்.கே.ஜி. பிள்ளைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று சேர்ந்துகொள்ளும். அந்த மெட்டாவது இங்கிலீஷ்காரர்களுடையதா? அதுவும் இல்லை, பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் அதை வைத்துப் பன்னிரண்டு விதமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்கிற பாட்டும் அதே. ஊர் ஊராகச் சுற்றி மதுரை மீனாட்சி காலடி வரைக்கும் வந்து சேர்ந்த மெட்டு.

இதை வைத்துத் தீட்சிதரைக் காப்பி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கும் வராது. ஆனால் நோட்டு ஸ்வரத்தில் அவர் பெரிதாக எதையோ படைத்தார் என்றும் சொல்லமாட்டேன். ஒரு மேதை விளையாட்டாகச் செய்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நன்றாக உதவுகிறது. அவ்வளவுதான்.

அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி செய்தது வேறு ரகம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய கதைப்பாட்டு. திருநாளுக்குப் போக ஆசைப்படும் நந்தனை அவனுடைய பண்ணை வேதியர் ஏசுகிற பாட்டு ஒன்று அதில் வரும். பாரதி அந்த வர்ணமெட்டை அப்படியே எடுத்தார். 'தொண்டு செய்யும் அடிமை' என்று தொடங்கி, சுயராஜ்யம் கேட்கிற இந்தியனைப் பார்த்து வெள்ளைக்கார உத்தியோகஸ்தன் ஏசுவதாகப் பாட்டு எழுதினார். மெட்டு யாருடையது என்பதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் பாட்டே செத்திருக்கும். மெட்டு காதில் விழும்போதே பழைய பாட்டு ஞாபகம் வரும். நந்தனை மேல்சாதிக்காரன் எந்தக் குரலில் ஏசினானோ அதே குரலில்தான் இப்போது உன்னை வெள்ளைக்காரன் ஏசுகிறான் என்று, அதுவரை வேதியர் பக்கம் உட்கார்ந்து கேட்டவனுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரு ஸ்வரம்கூடப் புதிதில்லை. ஆனால் அதற்குமுன் அந்த மெட்டு அந்த வேலையைச் செய்ததே இல்லை.

அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. பாட்டின் தலைமாட்டில் ராகம், தாளம் போட்டு, 'இன்ன பாட்டின் மெட்டு' என்றும் அச்சடித்திருப்பார்கள். நாடகப் பாட்டு, தேசியப் பாட்டு, பஜனைப் பாட்டு எல்லாவற்றிலும் பார்க்கலாம். கடன் வாங்கியதைச் சொல்வதில் கூச்சம் இல்லை. சொன்னால்தான் படிக்கிறவனுக்குப் பாடவும் தெரியும்.

மெட்டு காசாக மாறிய பிறகு இந்த வெள்ளந்தித்தனம் போய்விட்டது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் 'மை ஸ்வீட் லார்டு' என்று ஒரு பக்திப் பாட்டு வெளியிட்டார். 1963இல் வந்த 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' என்ற பாட்டின் மெட்டு அது என்று வழக்கு. 1976இல் நீதிபதி விசித்திரமான ஒரு முடிவுக்கு வந்தார்: ஹாரிசன் வேண்டுமென்று எடுக்கவில்லை, அடிமனத்தில் கிடந்தது அவரை அறியாமல் வந்துவிட்டது, ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான். மெட்டுப் போடுகிற எவனுக்கும் இதைப் படித்தால் தூக்கம் போகும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மனசுக்குள் ஒன்று ஓடும். நம்முடையதா, நாம் கேட்டதா? யாரிடம் போய்க் கேட்பது?

அதே குழுவின் பால் மெக்கார்ட்னி கேட்கவே செய்தார். தூங்கி எழுந்தபோது 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு முழுசாக மனசில் இருந்தது. தானாக வந்ததை நம்ப முடியாமல், இதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா என்று பார்த்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டு அலைந்தார். வார்த்தை கிடைக்கும்வரை முட்டைப் பொரியலைப் பற்றி ஒரு டம்மி வரி போட்டுப் பாடிவந்தார். நாம் 'தன்னான தானன்னா' என்று தத்தகாரம் போடுகிற இடத்தில் அவருக்கு முட்டை. கடைசியில் யாரும் உரிமை கேட்டு வராததால் மெட்டு அவருடையதாயிற்று.

2023இல் நியூயார்க்கில் எட் ஷீரன் மேல் நடந்த வழக்கு, ஊர்ப்பட்ட இசைக்காரர்களையும் நடுங்க வைத்தது. அவருடைய 'திங்கிங் அவுட் லவுட்' பாட்டு, மார்வின் கே பாடிய 'லெட்ஸ் கெட் இட் ஆன்' பாட்டின் கார்டு வரிசையை எடுத்துக்கொண்டது என்று புகார். கார்டு என்பது மூன்று நான்கு ஸ்வரத்தைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது. நான்கு கார்டை மாற்றி மாற்றிச் சுற்றினால் மேற்கத்திய பாப் பாட்டில் பாதி வந்துவிடும். ஷீரன் சாட்சிக் கூண்டிலேயே கிட்டாரை வாங்கி வாசித்துக் காட்டினார். ஜூரிகள் அவர் திருடவில்லை என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் இன்னொரு வழக்கில் ஜெயித்தபோதே, இனி பாட்டு எழுத உட்காரும்போதெல்லாம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கற்பனை பிறக்கிற இடத்தில் கண்காணிப்பு கேமரா.

நம் நாட்டிலும் நடக்கிறது. 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீரா' பாட்டு, துருபத் பாடகர்களான ஜூனியர் டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யைத் தழுவியது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு. இரண்டும் அடாணா ராகம். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி, டாகர்களுக்குப் பாட்டில் பெயர் போடவும் 2 கோடி ரூபாய் கட்டி வைக்கவும் இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் அதில் எழுந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை: ஒன்றை அழகாகப் பாடி வந்தவர் என்பதற்காக, இயற்றியவரும் அவரே என்று ஆகிவிடுமா? வாய்வழியாக வந்த துருபத் மரபில் தாத்தா எவ்வளவு செய்தார், பேரன் எவ்வளவு சேர்த்தார் என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது? நம் ஊர் நாதஸ்வரக்காரர் குடும்பத்தைக் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராகத்துக்கோ, தாளத்துக்கோ, நான்கு கார்டு சுற்றுக்கோ யாரும் பட்டா வாங்க முடியாது. அவற்றைக் கொண்டு ஒருவர் கட்டிய குறிப்பிட்ட உருவத்துக்கு உரிமை உண்டு. இந்தியாவில் இயற்றியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அது நீடிக்கும். எங்கே பொது முடிந்து எங்கே சொந்தம் தொடங்குகிறது என்ற வரப்புத் தகராறுதான் எல்லா வழக்கும்.

இந்த வழக்குகளால்தான் புதுமை செத்துக்கொண்டிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

சினிமாவில் பாட்டுப் போடுவதற்கு முன்னால் 'சிச்சுவேஷன்' சொல்வார்கள். இன்னார் மகள், இன்ன கோபத்தில், இந்த ஆளுக்கு முன்னால் நின்று பாடுகிறாள் என்று. இப்போது பல இடங்களில் 'ரெஃபரன்ஸ்' தருகிறார்கள். இந்தப் பாட்டு மாதிரி வேண்டும், அந்த ஓப்பனிங், இந்த பீட். விளம்பரத்துக்கு என்னிடம் வருகிறவர்கூட செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கடையின் பேரையே சொல்கிறார். கம்ப்யூட்டரில் ரெடிமேட் லூப் இருக்கிறது. அதே லூப் சென்னையிலும் இருக்கிறது, சிங்கப்பூரிலும் இருக்கிறது. முதலில் லூப்பை ஓடவிட்டு, அதன்மேல் நான்கு கார்டைச் சுற்றவிட்டு, அதன்மேல் குரலைத் தூவினால், எல்லார் பாட்டும் ஒரே பாட்டாகத்தான் இருக்கும். மெட்டு தீர்ந்துபோனதால் அல்ல. அந்தப் பாட்டு யாருக்காக, எதற்காக என்று யாரும் கேட்காததால்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அம்மன் பேரையும் ஊர்ப் பேரையும் தட்டினால் டீ ஆறுவதற்குள் முழுப் பாட்டு. சுனோ, உடியோ என்ற இரண்டு நிறுவனங்கள் எங்கள் பதிவுகளை எடுத்துத்தான் மெஷினைப் பழக்கின என்று பெரிய இசை நிறுவனங்கள் 2024இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. மெஷின் போட்ட கொடைப் பாட்டைக் கேட்டேன். குற்றம் சொல்ல முடியவில்லை. கொடைக் கமிட்டிக்காரர் கேட்கிற இரண்டில், 'கேட்ட மாதிரி இருக்கணும்' என்ற பாதியை அது என்னைவிட நன்றாகச் செய்கிறது.

மறு பாதிதான் பாக்கி. அதற்குச் 'சிந்து பைரவி'யைப் பார்க்க வேண்டும். 1985இல் வந்த படம். கர்நாடக வித்வானிடம் சபையில் ஒரு பெண் எழுந்து நின்று, சனங்களுக்குப் புரிகிற மாதிரிப் பாடக்கூடாதா என்கிறாள். நீயே பாடு என்று சவால். அவள் நாட்டுப்புறத்துச் சாயலில் 'பாடறியேன் படிப்பறியேன்' என்று எடுக்கிறாள். போகப் போக அந்த நடை இறுகிக்கொண்டே வந்து, கடைசியில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கிருதியில் போய் விழுகிறது. சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. கிருதி தியாகராஜருடையது. அவர் அதைச் செய்தது காம்போதியில். இளையராஜா சாரமதிக்கு மாற்றினார். சாரமதியும் பழைய ராகம்தான். தியாகராஜரே 'மோக்ஷமு கலதா' செய்த ராகம். நாட்டுப்புற நடையும் நம் களத்துமேட்டில் கிடந்ததுதான். ஆக, தனித்தனியாகப் பிரித்து வைத்தால் எல்லாமே பழசு. ஆனால் காட்டுப் பாட்டும் கச்சேரிப் பாட்டும் ஒரே ஸ்வரங்களில் நின்றுகொண்டிருந்தன என்பது அந்தத் திருப்பத்தில்தான் நமக்குத் தெரிகிறது. அவள் சொல்ல வந்த வழக்கே அதுதான். காம்போதியிலேயே விட்டிருந்தால் அவள் வழக்கில் தோற்றிருப்பாள்.

'அதிசய ராகம்' பாட்டு இன்னொன்று. பாலமுரளிகிருஷ்ணா நாலே ஸ்வரத்தில் 'மகதி' என்ற ராகத்தைக் கொண்டுவந்தார். அவர் ராகம் கண்டுபிடித்ததாகச் சொன்னதை வீணை எஸ். பாலசந்தர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசி, சங்கீத உலகத்தில் பெரிய ரகளையே ஆனது. நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகவில்லை. 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் அந்த நாலு ஸ்வரத்துக்குள்ளேயே பாட்டை ஓட்டுகிறார். கடைசியில் கதாநாயகியின் பேரான பைரவி பாட்டுக்குள் வருகிறது. அந்த இடத்தில் மெட்டும் மகதியை விட்டுவிட்டுப் பைரவி ராகத்துக்குள் போய்விடுகிறது. கண்ணதாசன் வார்த்தை திரும்பியது, மெட்டும் கூடவே திரும்பியது. அந்தத் திருப்பத்தை லூப் தராது, அந்தப் பெண்ணின் பேர்தான் தரும்.

இதையெல்லாம் சினிமாக்காரர்களிடம்தான் கற்க வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கம் ஒப்பாரி சொல்கிற ஆச்சிகளைக் கேட்டால் போதும். மெட்டு ஒன்றே ஒன்று. எந்த வீட்டுக்குப் போனாலும் அதே இழுப்பு, அதே இறக்கம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர் செத்தால் குச்சி வரும், பெட்டி வரும், விரலில் ஏறிய மருந்து வரும். குத்தகை நிலத்துக்காரர் செத்தால் அந்த வருஷம் பொய்த்த மழை வரும். ஒருவர் சைக்கிளைத் தவிர வேறு சொத்து இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு அந்த சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்தாள். பெல் அடிக்காது என்பதைக்கூட விடவில்லை. அந்தப் பெல் வந்த இடத்தில், வழக்கமாக இழுக்கிற ஸ்வரத்தை இழுக்காமல் வெடுக்கென்று நிறுத்தினாள். அடிக்காத பெல்லுக்கு எப்படி இழுப்பது? அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எங்கள் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிற பையன் ஒருவன் இப்போது மெட்டுப் போட ஆரம்பித்திருக்கிறான். பாட்டி ஒருத்தி வேலை முடித்துக் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி அவனே வரிகளும் எழுதியிருந்தான். பாடிக் காட்டிவிட்டு, "இதுல எது என்னுது மாஸ்டர், எது காப்பின்னு சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொண்டான். கீபோர்டில் வரி வரியாகப் பிரித்தோம்.

முதல் வரி காவடிச் சிந்தின் நடை. கழுகுமலை முருகன் பேரில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது. பங்குனி உத்திரத்துக்கு இந்தப் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது நடக்கும்போதே வரும். இரண்டாவது வரி ஆபேரியில் எல்லாரும் எடுக்கிற பிடி. மூன்றாவது வரியில் 'நி'க்கு வந்தவன் மேல் 'ஸ'வுக்குப் போய் முடிக்கவில்லை. நியிலேயே நின்றுவிட்டான். நான் எத்தனையோ பாட்டை நினைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"இங்க ஏன்டா நின்ன?"

"பஸ் இன்னும் வரல மாஸ்டர். அதுக்குள்ள எப்படி முடிக்க?"

பிறகு அவனே கேட்டான், "அப்ப முதல் வரியை மாத்திரட்டா?"

"மாத்தாத. நோட்டுல தலைமாட்டுல எழுதி வை, காவடிச் சிந்து மெட்டுன்னு."

எழுதினான். பக்கத்திலேயே கொஞ்சம் யோசித்து, 'மூன்றாவது வரி மட்டும் சொந்தம்' என்றும் எழுதிக்கொண்டான்.